திருடன் மட்டும்தான் ஒளியலாமா?

இன்னைக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல பதுங்கிப் போய்த் தாக்குற விதியோட கதை.

1974-ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதின முதல் பதிப்புல ஆறு பக்கப் பகடைதான். 1 இல்ல 2 விழுந்தா அந்த அணி அசந்து மாட்டிக்கிச்சு. ஒளியறதுக்குன்னு தனி விதி கிடையாது. எப்படி ஒளியறோம்னு சொன்னா, ஆட்டத்தை நடத்துறவர் தீர்ப்பு சொல்வார்.

அடுத்த வருஷமே 'கிரேஹாக்' இணைப்பில் திருடன் பாத்திரம் வந்தது, தனிச் சதவீதங்களோட. அங்கதான் சிக்கல். திருடனுக்கு எண் இருக்குன்னா, போர்வீரனால ஒளியவே முடியாதா?

திருடன் நிலைமையும் பாவம்தான். 1978 புத்தகப்படி, முதல் நிலைத் திருடன் நிழலில் ஒளிய அடிப்படை வாய்ப்பு 10%, ஓசையில்லாம நடக்க 15%. ரெண்டும் சேர்ந்து பலிக்கிறது நூத்துக்கு ஒன்றரை தடவை!

அதனால சில மேஜைகள்ல சொந்த விதி வந்தது: எல்லாரும் ஒளியலாம். திருடனோட உருட்டல் கூடுதல் வாய்ப்பு. அது தோத்தாலும் பழைய ஆறு பக்கப் பகடை இருக்கு.

2014 பதிப்புல அசந்தவங்க முதல் சுற்றுல அசையவே முடியாது. 2024-ல அதைத் தணிச்சாங்க: யார் முதல்லன்னு பார்க்குற உருட்டல்ல ரெண்டு பகடை போட்டு, சின்ன எண்ணை எடுத்துக்கணும்.

ஒருத்தருக்குத் திறமைன்னு ஒண்ணை எழுதினா, மத்தவங்க கையில இருந்து அது போயிடலாம். உங்க மேஜையில யார் ஒளியலாம்னு ஆட்டத்துக்கு முன்னாடியே பேசிடுங்க.