சர்வர் உயிரோடுதான் இருந்தது

2008 ஜனவரி 30, புதன்கிழமை. தோஹாவின் நஜ்மாவில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அன்று அங்கே எல்லாக் கணினிகளும் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் ஒன்றில்கூடப் பக்கம் திறக்கவில்லை. நடத்திவந்த மலையாளி அண்ணன் வயரைப் பிடுங்குவார், செருகுவார், மோடத்தைத் தட்டுவார். வெளியே ஊருக்குப் பேச வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. வரிசையில் நின்ற வாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் நினைவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகிவிடும் என்றார் வாப்பா. வெள்ளிக்கிழமை இன்னும் மோசமானது.

என்ன நடந்தது என்பதைப் பெரியவனான பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஐரோப்பாவையும் நம்மையும் இணைத்த இரண்டு பெரிய கடலடிக் கேபிள்கள், சீ-மீ-வீ 4, ஃப்ளாக் யூரோப்-ஏசியா, ஒரே நாளில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே அறுந்துபோயின. எகிப்தின் இணையத்தில் சுமார் 70 சதவீதம் போனது. இந்தியாவில் பாதிக்கும் மேல் போனதாகச் சேவை நிறுவனங்களின் சங்கம் சொன்னது. பிப்ரவரி 1 அன்று துபாய்க் கரையிலிருந்து 56 கிலோமீட்டர் தொலைவில் ஃபால்கன் கேபிள் அறுந்தது. பழுது பார்க்கப் போன கப்பல் கடலடியில் கண்டது, யாரோ விட்டுப்போன ஐந்தாறு டன் எடையுள்ள நங்கூரம். பிப்ரவரி 3-ல் கத்தாருக்கும் எமிரேட்ஸுக்கும் நடுவிலான கேபிளும் படுத்தது. அது அறுபடவில்லை, மின்சாரக் கோளாறு. எல்லாம் ஓரளவு சீரானது பிப்ரவரி 10-ஐ ஒட்டித்தான்.

இதில் என்னைப் பிடித்து உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பத்து நாட்களும் நாங்கள் திறக்கப் பார்த்த தளங்களின் சர்வர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அன்றைய தமிழ்த் தளங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் ஏதோ ஒரு குளிரூட்டிய அறையில் இருந்தன. அங்கே விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. அமெரிக்காவிலிருந்தே யாராவது அவற்றைக் கண்காணித்திருந்தால், அந்த மாத அறிக்கையில் நூற்றுக்கு நூறு என்று எழுதியிருப்பார்கள். நஜ்மாவில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த நூறு எந்த வகையிலும் உதவவில்லை.

இந்தக் கதை எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான் அதே பள்ளத்தில் போய் விழுந்தேன்.

சில வருடங்களுக்கு முன்பு நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தோஹாவுக்கு வந்த பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்ய ஆரம்பித்தோம். நஜ்மாவின் பழைய வில்லாக்களில் ஒரு அறைக்கு எட்டுப் பேர் இருந்தது, ஊரிலிருந்து கேசட்டில் குரல் பதிந்து அனுப்பியது, இப்படி. மொத்தம் 43 பதிவுகள். எல்லாவற்றையும் போட ஒரு தளம் வேண்டும். மாதம் 15 ரியாலுக்கு ஒரு ஹோஸ்டிங் கிடைத்தது. ‘99.9 சதவீதம் இயங்கும், உத்தரவாதம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மாதத்துக்கு 43 நிமிடம்தான் படுக்கலாம், வருடத்துக்கு ஒன்பது மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. போதுமே என்று வாங்கிவிட்டோம். தளம் விழுந்தால் எங்களுக்கு மெயில் அனுப்ப ஒரு சின்ன நிரலும் எழுதினேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. அந்த நிரலையும் அதே சர்வரில்தான் வைத்தேன். சிரிக்காதீர்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையையே தொட்டிலுக்குக் காவல் வைத்த மாதிரி.

பதிவு செய்தவர்களில் ஒருவர் டெய்லர் மாமா. நஜ்மாவில் முப்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவர், கடைசியில் கீழக்கரைக்கே போய்விட்டார். ஒரு வியாழன் இரவு அவர் மௌத்தானார். வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்த பிறகு அவர் மகள், வாப்பாவின் பேச்சைக் கேளுங்கள் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் எங்கள் தளத்தின் லிங்கை அனுப்பியிருக்கிறார். சவூதி, மலேசியா, சென்னை என்று ஒருவராலும் திறக்க முடியவில்லை. சனிக்கிழமை மாலை எனக்கு ஃபோன் செய்தார். “தம்பி, வாப்பா குரலை எடுத்துட்டீங்களா? ஏதும் கோபமா?” என்று கேட்டார்.

தளம் வியாழன் மாலையே விழுந்திருந்தது. எனக்கு மெயில் எதுவும் வரவில்லை, எப்படி வரும்? ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. டிஸ்க் போய்விட்டதாம். தினமும் எடுப்பதாகச் சொன்ன பேக்கப்பும் அதே டிஸ்க்கில்தான் இருந்ததாம். நண்பனின் பழைய லேப்டாப்பிலிருந்து 38 பதிவுகளை மீட்டோம். மீதி ஐந்தில் டெய்லர் மாமாவுடையதும் ஒன்று. அவர் மகள் எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்ப வெட்டி வைத்திருந்த முதல் 11 நிமிடம் மட்டும் மிஞ்சியது. முழுப் பேச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல்.

உத்தரவாதத்தின்படி நிறுவனம் நஷ்டஈடு கொடுத்தது. மூன்று நாள் கட்டணம், ஒன்றரை ரியால். ஒரு கரக் சாயாவின் விலை.

அந்த ஒன்றரை ரியாலில் ஆரம்பித்துத்தான் நான் உத்தரவாதங்களின் வரலாற்றைத் தோண்டினேன். 1859-ல் போய் முட்டினேன். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு லண்டனுக்கு இந்தியாவிலிருந்து செய்தி வேகமாக வர வேண்டியிருந்தது. செங்கடல் வழியே சூயஸிலிருந்து ஏடன், அங்கிருந்து கராச்சி வரை தந்திக் கேபிள் போட ஒரு கம்பெனி முன்வந்தது. முதலீட்டுக்கு ஐம்பது வருடம் நாலரை சதவீத வருமானம் தருவதாகப் பிரிட்டிஷ் அரசு கையெழுத்துப் போட்டது. கேபிள் வேலை செய்தால்தான் பணம் என்று ஒரு வரி சேர்க்க அந்த ஒப்பந்தத்தில் யாருக்கும் தோன்றவில்லை! கரடுமுரடான கடலடியில் தொய்வே விடாமல் இழுத்துப் போட்ட கேபிள், மேலே கிளிஞ்சலும் பாசியும் ஏறி, கனம் தாங்காமல் துண்டு துண்டாகச் செத்தது. அரசோ வருடத்துக்கு 36,000 பவுண்டு என்று 1908 வரை கட்டித் தொலைத்தது.

அவர்களுக்கு உத்தரவாதம் தாராளம், எங்களுக்குக் கஞ்சம். ஆனால் இரண்டிலும் எழுதியிருந்தது பணத்தைப் பற்றி மட்டுமே. செய்தி போய்ச் சேர்வதைப் பற்றி இரண்டிலும் ஒரு எழுத்து இல்லை. ஹோஸ்டிங் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது நான் இப்போது முதலில் தேடுவது இதைத்தான்: எதை ‘இயங்குகிறது’ என்று எண்ணுகிறார்கள், யார் அளக்கிறார்கள், எங்கிருந்து அளக்கிறார்கள்.

செங்கடலில் சூடு பட்ட பிறகு பிரிட்டிஷார் நம் வளைகுடாவுக்கு வந்தார்கள். 1864-ல் குவாதரிலிருந்து முசந்தம், புஷேர் வழியாக ஃபாவ் வரை கேபிள் போட்டார்கள். முசந்தத்தின் ஒரு பாறைக் குட்டித்தீவில் தந்தி நிலையம் வைத்தார்கள். ஓமானுக்குச் சுற்றுலா போனால் படகுக்காரர்கள் இன்றும் அந்தத் தீவைக் காட்டுவார்கள். தந்தித் தீவு என்றே பெயர். அந்தச் சூட்டில் அங்கே உட்கார்ந்திருந்த தந்தி ஊழியர்களும் ஒருவகையில் கண்காணிப்பாளர்களே. ஒரு துண்டின் முனையில் ஆள் இருந்தால்தான் எந்தத் துண்டு செத்தது என்று தெரியும். அறுந்த இடத்தையும் கரையில் இருந்தபடியே கணக்கிட்டார்கள். கம்பிக்கு மைலுக்கு இவ்வளவு மின்தடை என்று தெரியும். அளந்து வகுத்தால் எத்தனை மைலில் அறுந்தது என்று வந்துவிடும். பிறகு கப்பல் போய்க் கொக்கி போட்டு இழுக்கும். இன்று மின்தடைக்குப் பதில் ஒளியை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை அளக்கிறார்கள். கப்பலும் கொக்கியும் அப்படியே இருக்கின்றன.

1870-க்குள் இந்தியாவுக்கும் லண்டனுக்கும் நடுவே மூன்று வழிகள் இருந்தன. பாக்தாத் வழியாகத் துருக்கியர் நாட்டுத் தரைவழி ஒன்று. தெஹ்ரான், ருஷ்யா வழியாக சீமென்ஸ் சகோதரர்கள் போட்ட தரைவழி ஒன்று. இந்தத் தடவை ஒழுங்காகப் போட்ட செங்கடல் கேபிள் மூன்றாவது. செங்கடல் பாதை மற்ற இரண்டுக்கும் சம்பந்தமில்லாதது. ஒரு கப்பலின் நங்கூரம் மூன்றையும் அறுக்க முடியாது.

138 வருடம் கழித்து, 2008-ல் நமக்கு இருந்த கேபிள்கள் பெயரில் வேறு, உரிமையாளரில் வேறு. ஆனால் எல்லாம் அலெக்சாந்திரியா என்ற ஒரே வாசலில் நுழைந்து வந்தன. இரண்டு செருப்பு வாங்கி இரண்டையும் ஒரே படியில் கழற்றிவிட்ட கதை. இந்தியா ஓரளவு தப்பியதற்குக் காரணம் சென்னை. 2002-லிருந்தே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேரடிக் கேபிள் உண்டு. மேற்கே அடைத்ததும் கிழக்கே திருப்பி, பசிபிக் கடலைச் சுற்றி அமெரிக்கா போனார்கள். வளைகுடாவுக்கு அப்படி ஒரு பின்வாசல் சரியாக இல்லை. பின்னால் 2010-களில் ஓமானிலிருந்து ஈரான், அசர்பைஜான், ருஷ்யா வழியே ஃபிராங்க்ஃபர்ட் வரை தரைவழிக் கேபிள் ஒன்று போட்டார்கள். வரைபடத்தில் வைத்துப் பாருங்கள், சீமென்ஸ் சகோதரர்களின் பழைய பாதைக்குப் பக்கத்திலேயே போகிறது.

தமிழ் வலையுலகில் இதை ஆரம்பத்திலேயே சரியாகச் செய்தவர்கள் உண்டு. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு குறிப்பு இருக்கும்: இந்த முகப்பை மாற்றாமல் யாரும் தாராளமாகப் பகிரலாம். சாதாரண அனுமதி என்றுதான் நானும் நினைத்தேன். இப்போது பார்த்தால் நான் கண்டதிலேயே மலிவான பேக்கப் அதுதான். அந்த நூல்கள் எத்தனை நாடுகளில், எத்தனை பேரின் கணினிகளில் இருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. அதே காலத்தில் ஜியோசிட்டீஸில் இலவசமாகப் பக்கம் வைத்திருந்தவர்கள், 2009 அக்டோபரில் அது கடையை மூடியபோது இழந்தது எவ்வளவோ. அதில் தமிழ்ப் பக்கங்களும் இருந்தன.

எங்கள் தளத்தை மறுபடி எழுப்பியபோது முதலில் கேட்டுக்கொண்டது, இதைக் கேட்கப்போவது யார் என்று. பாதிப் பேர் ராமநாதபுரம் பக்கத்தில், மீதிப் பேர் வளைகுடாவில். 2022-ல் மைக்ரோசாஃப்டும் 2023-ல் கூகுளும் தோஹாவிலேயே கிளவுட் மையம் திறந்துவிட்டன. நஜ்மாவிலிருந்து டாக்ஸி பிடித்தே போய்விடலாம் என்ற ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் கீழக்கரைக்கு அது தூரம். கடைசியில் முதன்மைச் சர்வரை மும்பையில் வைத்தோம். பதிவுகளின் பிரதி வேறொரு நிறுவனத்தில், ஐரோப்பாவில். டொமைன் பெயர் மூன்றாவது ஓரிடத்தில், ஏனென்றால் ஹோஸ்டிங்காரரோடு சண்டை வந்தால் பெயரையாவது எடுத்துக்கொண்டு போக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு பதிவை எடுத்து முழுக்கப் போட்டுக் கேட்கிறோம். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் இப்போது பேக்கப் என்று சொல்வதில்லை. 43 பேரின் குடும்பத்துக்கும் அவரவர் பதிவை முழுசாக, அல்லது மிஞ்சியதை, பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டோம்.

கண்காணிப்பு இப்போது எங்கள் சர்வரில் இல்லை. வெளியே ஒரு சேவை, மும்பை, துபாய், ஃபிராங்க்ஃபர்ட் என்று மூன்று ஊர்களிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தளத்தைத் தட்டிப் பார்க்கிறது. முகப்புப் பக்கத்தை மட்டும் அல்ல, ஒரு ஒலிக்கோப்பின் முதல் சில விநாடிகளையும் இறக்கிப் பார்க்கிறது. வெறும் பக்கம் திறந்து குரல் வராவிட்டால் எங்களுக்கு அது விழுந்த தளம்தான். இரண்டு ஊர்களில் தொடர்ந்து இரண்டு முறை தோற்றால் நான்கு பேர் ஃபோனும் அலறும். ஒரே ஊரில் தோற்றால் குறித்து வைக்கும், எழுப்பாது. முதல் மாதம் இந்தக் கணக்குத் தெரியாமல், இரவில் தும்மினால்கூட எழுப்புகிற மாதிரி வைத்திருந்தேன். இரண்டாவது வாரமே எல்லோரும் அலாரத்தை அணைத்துவிட்டார்கள்.

2025 செப்டம்பர் 6, சனிக்கிழமை. ஜித்தா அருகே செங்கடலில் கேபிள்கள் மறுபடி அறுந்தன. அதில் ஒன்று, 2008-ல் அறுந்த அதே சீ-மீ-வீ 4. காலை ஒன்பது மணிக்கு மேல் கண்காணிப்புப் பக்கத்தில் ஃபிராங்க்ஃபர்ட் மட்டும் மஞ்சளானது. பதில் வந்துகொண்டிருந்தது, மெதுவாக. மும்பை பச்சை, துபாய் பச்சை. யார் ஃபோனும் அலறவில்லை. நானாகத்தான் டெய்லர் மாமா மகளுக்கு ஃபோன் போட்டு, ஒருதடவை திறந்து பாருங்க என்றேன். சமையற்கட்டில் இருந்திருப்பார் போல, பாத்திரச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதற்கு மேலாக மாமாவின் இருமலும், ‘பிஸ்மில்லா’ என்று அவர் பேச ஆரம்பிப்பதும் கேட்டது. அந்த 11 நிமிடம் முடியும்வரை இரண்டு பேரும் ஃபோனை வைக்கவில்லை.