கேட்டதற்குச் சான்று: தொலைதூர வானொலியும் உறுதியட்டைகளும்

தமிழில் ‘கேள்’ என்னும் சொல் செவிமடுத்தலையும் வினவுதலையும் ஒருங்கே உணர்த்துவது. உறவினரைச் சுட்டும் ‘கேளிர்’, நட்பைச் சுட்டும் ‘கேண்மை’ என்பனவும் அவ்வடிவத்தோடு ஒலியால் ஒத்து நிற்பன. கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்றே ஓர் அதிகாரத்தை வள்ளுவர் வைத்திருத்தல் யாவரும் அறிந்ததே. நெடுங்காலமாகக் கேள்வி என்பது நேருக்கு நேர் நிகழ்வதாகவே இருந்து வந்தது. சொல்வோன் ஒருவன், அவன் முகம் நோக்கிச் செவிகொடுப்போன் மற்றொருவன். கேட்போன் தலையசைத்தலே சொல்வோனுக்குக் கிடைத்த உறுதி. புலவன் அரங்கேற்றிய நூலுக்கு அவையோர் காட்டிய உவகையும் அத்தகையதே.

இருபதாம் நூற்றாண்டில் வந்த வானொலி இந்த உறவைக் குலைத்தது. சொல்வோனுக்குக் கேட்போனின் முகமும் ஊரும் தெரியாமற் போயின. கேட்கிறார்களா என்பதே ஐயமாயிற்று. அந்த இடைவெளியில் முளைத்த பொழுதுபோக்கே தொலைதூர வானொலி கேட்டல். எங்கோ ஒரு நாட்டிலிருந்து வரும் மெல்லிய ஒலியை முயன்று கண்டறிந்து, கேட்டவற்றை நாள், நேரம், அலைவரிசை ஆகியவற்றோடு எழுதி அந்நிலையத்துக்கு அனுப்பி, ‘ஆம், நீங்கள் கேட்டது எம் ஒலிபரப்பே’ என்று அந்நிலையத்தார் ஒப்பி விடுக்கும் அட்டையைப் பெற்றுச் சேர்த்து வைத்தல் இதன் இயல்பு. அஞ்சல்தலை சேர்ப்பதை ஒத்த விளையாட்டாகவே பலரும் இதனைக் கருதுவர். எனினும், ஒலிபரப்பின் வரலாற்றில் கேட்போரின் பங்குக்கு எழுத்துச் சான்றாக எஞ்சியிருப்பவற்றுள் இவ்வட்டைகள் முதன்மையானவை.

சான்றில்லாத முதற் கேள்வி

தொலைவிலிருந்து கேட்டதாகச் சொன்னால் உலகம் எளிதில் நம்பாது என்பதைக் கம்பியில்லாத் தந்தியின் முதல் வெற்றியே காட்டிவிட்டது. 1901 டிசம்பர் 12 அன்று, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள போல்டு நிலையத்திலிருந்து மோர்ஸ் தந்திக் குறியீட்டில் ‘எஸ்’ என்னும் எழுத்துக்குரிய மூன்று புள்ளிகள் மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டன. அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில், பட்டத்தில் கட்டி உயர்த்திய கம்பியின் துணையோடு மார்க்கோனி அவற்றைக் கேட்டார். அவரும் உதவியாளர் கெம்பும் அன்றி வேறெவரும் கேட்கவில்லை. காதில் வைத்த கருவியின் வழியே கேட்டதால் தாளிற் பதிவும் இல்லை. அன்றே ஐயங்கள் எழுந்தன. அவர் கேட்டது உண்மையில் அவ்வொலிதானா என்னும் விவாதம் இன்றளவும் அறிவியலாளரிடையே உண்டு.

அந்த ஐயமே மார்க்கோனியை அடுத்த செயலுக்குத் தூண்டியது. 1902 பிப்ரவரியில் ‘பிலடெல்பியா’ என்னும் கப்பலில் மேற்கு நோக்கிப் பயணம் செய்தபோது, வந்த குறிகளைத் தாள்நாடாவில் பதியுமாறு கருவியை அமைத்தார். ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் தொலைவு வரை செய்திகள் பதிவாயின. அந்நாடாவில் கப்பலின் தலைவர் கையொப்பமிட்டார். கேட்டதற்குச் சாட்சி கோரும் வழக்கம் இவ்வாறு வானொலியின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

ஒதுக்கப்பட்ட அலைகள்

நேர்கோட்டில் செல்ல வேண்டிய அலை உருண்டையான பூமியைச் சுற்றி எவ்வாறு வந்தது என்னும் வினாவுக்கு 1902 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே ஒரே விடையைக் கூறினர். வளிமண்டலத்தின் மேற்பகுதியில் அலைகளைத் திருப்பி அனுப்பும் மின்னேற்றப் படலம் ஒன்று இருத்தல் வேண்டும் என்பது அவ்விடை. 1924 ஆம் ஆண்டில் ஆப்பிள்டன் அதனைச் சோதனையால் நிறுவினார். 1947 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அயனிமண்டலம் என இன்று வழங்கும் அப்படலம் கதிரவனால் உருவாவது. ஆதலால் பகலில் ஒருவகையாகவும் இரவில் வேறுவகையாகவும், கதிரவன் புள்ளிகள் பெருகியும் குறைந்தும் வரும் ஏறத்தாழப் பதினோராண்டுச் சுழற்சிக்கேற்பவும் அது மாறிக்கொண்டே இருக்கும். நேற்றுத் தெளிவாகக் கேட்ட நிலையம் இன்று கேளாமற் போவதும், கேளாதது திடீரெனக் கேட்பதும் இதனாலேயே. இப்பொழுதுபோக்கின் ஈர்ப்பும் அதிலேதான் உள்ளது.

1912 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், தனியார் ஆர்வலர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்த நீளமும் கொண்ட அலைகளுக்குள் ஒதுக்கியது. அவை தொலைவு செல்லாதவை, வணிகத்துக்கு உதவாதவை என்பதே அக்காலத்தார் எண்ணம். 1921 டிசம்பரில் பால் காட்லி என்னும் அமெரிக்கர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரமிட்டு, குளிரிலும் மழையிலும் இரவு முழுதும் காத்திருந்து, தம் நாட்டு ஆர்வலர் பலரின் தந்திக் குறிகளைக் கேட்டார். அவருடனும் சாட்சியாக ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார். 1923 நவம்பரில் ஏறத்தாழ 100 மீட்டர் அலையில் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஆர்வலர்கள் இருவழித் தொடர்பே கொண்டனர். பயனற்றவை என ஒதுக்கப்பட்ட சிற்றலைகளின் ஆற்றலை உலகுக்கு உணர்த்தியதில் இவ்வாறு விடாமுயற்சியோடு கேட்டவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1927 இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரிலிருந்து பிலிப்ஸ் நிறுவனமும், 1932 டிசம்பர் 19 முதல் டேவன்ட்ரியிலிருந்து பி.பி.சி.யும் கடல் கடந்த ஒலிபரப்பைச் சிற்றலையிலேயே நடத்தின.

அட்டையின் இலக்கணம்

தந்தியாளர்கள் நீண்ட தொடர்களைச் சுருக்க மூன்றெழுத்துக் குறிகளை வகுத்திருந்தனர். அவற்றுள் ஒன்று ‘கியூ.எஸ்.எல்.’. வினாக்குறியோடு அனுப்பினால் ‘பெற்றுக்கொண்டதை உறுதி செய்கிறீர்களா?’ என்றும், வினாக்குறியின்றி அனுப்பினால் ‘உறுதி செய்கிறேன்’ என்றும் பொருள்படும். ஒரே குறி வினாவும் விடையுமாக நிற்பது, கேட்டலும் வினவலும் ஒரு சொல்லில் அடங்கிய தமிழ் வழக்கை நினைவூட்டுவது. அக்குறியே உறுதியட்டைக்கும் பெயராயிற்று. தமிழ் நேயர்கள் இதனை ‘வண்ண அட்டை’ எனவும் வழங்குவர்.

1920களில் அமெரிக்காவில் இந்த ஆர்வம் காய்ச்சலைப் போலப் பரவியது. சிகாகோ நகரத்து நிலையங்கள், தொலைவிலுள்ள நிலையங்களை மக்கள் கேட்கட்டும் என்று திங்கட்கிழமை இரவுகளில் தம் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டன. பிறர் குரல் கேட்பதற்காகத் தாம் வாய்மூடிய அந்த இரவுகள் ‘மௌன இரவுகள்’ எனப் பெயர் பெற்றன. அதே நகரத்து எக்கோ என்னும் நிறுவனம் 1924 ஆம் ஆண்டில் ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் அழைப்பெழுத்துகள் பொறித்த தனி முத்திரைத்தலையை அச்சிட்டது. கேட்ட செய்தியோடு பத்துச் சென்ட் நாணயத்தையும் அனுப்பினால் அத்தலை கிடைக்கும். ஒட்டிவைக்கத் தனி ஏடும் விற்கப்பட்டது.

காலப்போக்கில் நேயர் அறிக்கைக்கு ஓர் இலக்கணம் அமைந்தது. உலகப் பொதுநேரம், அலைவரிசை, நிகழ்ச்சியில் கேட்ட செய்திகள், வானொலிப் பெட்டியின் வகை, வான்கம்பியின் அமைப்பு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், வழிநிலை மாற்றம், ஒட்டுமொத்தத் தரம் ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண் இடுவர். ஐந்து உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது. ‘நிகழ்ச்சி நன்று’ என்று புகழ்ந்தெழுதினால் அட்டை வாராது. இன்ன நேரத்தில் இன்ன அறிவிப்பு, அடுத்து இன்ன இசை என்று எழுத வேண்டும். நிலையத்தார் தம் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தே அட்டை விடுப்பர். புனைந்துரைக்கு அங்கு இடமில்லை. அறியாத மொழியில் பேசப்பட்டதைக்கூட ஊர்ப்பெயர், இசைக்குறி, மணியோசை ஆகியவற்றைக் கொண்டு அடையாளம் காணும் நுண்செவி இப்பயிற்சியால் வாய்த்தது.

நிலையங்களும் இவ்வறிக்கைகளால் பயன் பெற்றன. தம் அலை எந்நாட்டில் எப்பருவத்தில் எவ்வாறு சென்று சேர்கிறது என்பதை அறிய அவற்றுக்குக் கிடைத்த கருவிகளுள் நேயரின் செவியும் ஒன்று.

செவிக்கு விதித்த தண்டனை

அமைதிக்காலத்தில் பொழுதுபோக்காக இருந்தது போர்க்காலத்தில் உயிர் தொடர்பானதாயிற்று. 1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனியில் அயல்நாட்டு ஒலிபரப்பைக் கேட்பதே குற்றம் என ஆணை பிறந்தது. கேட்டதைப் பிறருக்குப் பரப்பினால் மரண தண்டனையும் விதிக்கப்படலாம். வானொலிப் பெட்டியின் திருகில் அதனை நினைவூட்டும் சிறு எச்சரிக்கை அட்டை தொங்கியது. வானொலியோடு தொடர்புடைய அட்டைகளுள் மிகக் கொடியது அதுவே.

இங்கிலாந்திலோ, வானொலி ஆர்வலரின் பயிற்சியை அரசே நாடியது. ஏறத்தாழ 1,500 தன்னார்வலர்கள் தத்தம் இல்லங்களில் அமர்ந்து பகைவரின் உளவுத்துறைத் தந்திகளைச் செவியாற் கேட்டு எழுதினர். எழுதிய தாள்கள் பார்னெட் நகரின் 25 ஆம் எண் அஞ்சற்பெட்டிக்குச் சென்றன; அங்கிருந்து மறைகுறி அவிழ்ப்போரை அடைந்தன. அவர்கள் அதனை வெளியிற் சொல்லுதல் கூடாது. இப்பணிக்கு எந்த நிலையமும் உறுதியட்டை தரவில்லை.

மனத்தை நெகிழ்விக்கும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. ஜெர்மனியின் சிற்றலை ஒலிபரப்பு, சிறைப்பட்ட அமெரிக்க வீரர்களின் பெயர்களையும் முகவரிகளையும் தன் பரப்புரைக்கு இடையே வாசித்து வந்தது. பெயர்களுக்காகவேனும் மக்கள் தம் பரப்புரையைக் கேட்பர் என்பது அவர்தம் கணக்கு. சிற்றலை கேட்கும் ஆர்வலர் பலர் இரவுதோறும் விழித்திருந்து அப்பெயர்களைக் குறித்துக்கொண்டு, முன்பின் அறியாத அக்குடும்பங்களுக்கு ‘உங்கள் மகன் உயிரோடு இருப்பதாகக் கேட்டேன்’ என அஞ்சலட்டை எழுதினர். ஒரே வீட்டுக்குப் பல ஊர்களிலிருந்து இத்தகைய அட்டைகள் வந்ததுண்டு. பகைவர் சொல்லை முற்றும் நம்ப இயலாது. ஆயினும் தனித்தனியே பலர் கேட்டெழுதியது ஒத்திருந்தபோது பெற்றோர் ஆறுதல் கொண்டனர். வழக்கமாக நேயருக்கு நிலையம் உறுதி அளிக்கும். இங்கு ஒரு தாய்க்கு நேயர்கள் உறுதி அளித்தனர்.

போருக்குப் பின்னும் இந்நிலை முற்றும் மாறவில்லை. பி.பி.சி.யின் ஜெர்மன் சேவை 1949 முதல் 1974 வரை ‘கையொப்பமில்லாக் கடிதங்கள்’ என்னும் பொருள்படும் நிகழ்ச்சியை நடத்தியது. கிழக்கு ஜெர்மனி மக்கள் மாற்று முகவரிகளுக்கு அனுப்பிய பெயரற்ற கடிதங்கள் அதில் வாசிக்கப்பட்டன. எழுதியோரைக் கையெழுத்தைக் கொண்டு அந்நாட்டு உளவுத்துறை தேடியது. அகப்பட்டோர் சிறை சென்றனர்.

தமிழ்ச் செவிகள்

தமிழகத்தில் வானொலி ஆர்வலரின் முயற்சியாகவே தொடங்கியது. 1924 ஆம் ஆண்டில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் அமைந்த சென்னை மாகாண வானொலிச் சங்கம் அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் அது 1927 இல் நின்றது. 1930 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஆம் ஆண்டிலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 ஆம் ஆண்டிலும் உருவாயின. 1925 டிசம்பர் 16 அன்று தொடங்கிய கொழும்பு வானொலி பின்னர் இலங்கை வானொலியாகி, கடல் கடந்து தமிழகத்து இல்லங்களிலும் குடிகொண்டது.

அயல்மண்ணிலிருந்தும் தமிழ் ஒலித்தது. 1941 மே 3 அன்று லண்டனிலிருந்தும், 1963 இல் பீகிங்கிலிருந்தும், மற்றும் மாஸ்கோ, வத்திக்கான் முதலிய இடங்களிலிருந்தும் வந்த தமிழ்க் குரல்களைச் சிற்றூர்களின் நேயர் மன்றங்கள் கூடிக் கேட்டன; அறிக்கை எழுதின; அட்டை பெற்றன. வெளிநாட்டு முத்திரை பதித்த உறை சிற்றூர் அஞ்சலகத்துக்கு வந்து சேர்வது ஊரறிந்த செய்தியாயிற்று.

இவ்வரலாற்றில் அட்டையே இல்லாத பகுதி ஒன்றும் உண்டு. 1990 ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பேட்டரி கொண்டுவரவும் தடை. மக்கள் சைக்கிளை நிறுத்திவைத்து, மிதித்து, டைனமோவில் எழும் மின்சாரத்தால் வானொலிப் பெட்டியை இயக்கினர். ஒருவர் மிதிக்க, சுற்றியிருந்தோர் செய்தி கேட்டனர். தம் ஊரில் நடந்ததைத் தொலைதூரத்து லண்டன் சொல்லக் கேட்டறிந்தனர். மிதிப்பது தளர்ந்தால் குரலும் தளரும். ஐந்துக்கு எத்தனை என்று எண்ணிட்டு அறிக்கை எழுதும் நிலையில் அவர்கள் இல்லை. தொலைதூர வானொலியைத் தமிழர் மிகுந்த தேவையோடு கேட்ட அந்த நாள்களுக்கு அன்று கேட்டவர்களின் நினைவன்றி வேறு சான்று அரிது.

நிறைவாக

சிற்றலை நிலையங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன. கிழக்கு ஜெர்மனியின் பெர்லின் சர்வதேச வானொலி 1990 அக்டோபர் 2 அன்று, தன் நாடு மறைவதற்கு முந்திய நாளில், இறுதியாக ஒலித்தது. சுவிட்சர்லாந்து 2004 இலும், கனடாவும் நெதர்லாந்தும் 2012 இலும், ஆஸ்திரேலியா 2017 ஜனவரியிலும் சிற்றலையைக் கைவிட்டன. பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நிறைவுற்றது. அந்நிகழ்ச்சிகளுள் பதிவு செய்து காக்கப்பட்டவை சிலவே. இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன அலைவரிசையில், இன்ன ஊரில் அக்குரல் கேட்டது என்பதற்கு நேயர் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் அட்டையே ஆவணம். இதனை உணர்ந்து வியன்னாவில் உறுதியட்டைகளுக்கென ஓர் ஆவணக்காப்பகம் அமைந்து, மறைந்த ஆர்வலர்களின் தொகுப்புகளையும் ஏற்றுக் காத்து வருகிறது.

தமிழ் நேயர்களின் அட்டைகளுக்கு அத்தகைய பாதுகாப்பு வேண்டும். அட்டையை உறையோடும், கிடைப்பின் அறிக்கையின் படியோடும் வைத்தல் நலம்; அஞ்சல்தலைக்காக உறையைக் கிழித்தால் நாளும் ஊரும் அழியும். யாழ்ப்பாணத்தாரைப் போல அட்டையின்றிக் கேட்டோரின் நினைவுகளை அவர்கள் வாழும் நாளிலேயே எழுதி வாங்குதல் அதனினும் இன்றியமையாதது. முகமறியா வாசகருக்காக எழுதி, எங்கோ ஓர் ஊரிலிருந்து வரும் ஒற்றை அஞ்சலட்டைக்காகக் காத்திருந்து பழகியவர்கள் கவிஞர்கள். இலக்கிய வட்டங்கள் இப்பணியை மேற்கொள்ளுதல் மிகவும் பொருத்தமுடையது.