சசெக்ஸ் குழந்தைகளின் பட்டமும் குடியுரிமையும்

பிரிட்டனில் இளவரசர், இளவரசி பட்டங்கள் பெரும்பாலும் ஐந்தாம் ஜார்ஜின் 1917 ஆணைப்படி மன்னரின் பிள்ளைகளுக்கும் மகன்வழிப் பேரப்பிள்ளைகளுக்கும் உரியவை. சசெக்ஸ் கோமகன் ஹாரி–மேகன் இணையரின் பிள்ளைகளான ஆர்ச்சியும் (2019, லண்டன்) லிலிபெட்டும் (2021, கலிபோர்னியா) பிறந்தபோது அப்போதைய அரசியின் கொள்ளுப்பேரப்பிள்ளைகள், ஆகவே பட்டமில்லை. 2022 செப்டம்பர் 8-இல் தாத்தா சார்லஸ் மன்னரானதும் தகுதி தானாக வந்தது. ஆனால் 2023 மார்ச்சில்தான் பட்டங்கள் பொதுவில் பயன்படுத்தப்படலாயின.

லிலிபெட் பிறந்த மண்ணால் அமெரிக்கர், தந்தைவழியில் பிரிட்டன் குடிமகளும்கூட. பரம்பரைப் பட்டத்தைத் துறக்கும் உறுதிமொழியை அமெரிக்கா கேட்பது, குடியேறிக் குடியுரிமை பெறுவோரிடம் மட்டுமே, லிலிபெட்டைப் போல் பிறப்பால் குடிமக்களானோரிடம் அல்ல. மன்னராட்சியை உதறிப் பிறந்த நாட்டில் இது சற்றே வேடிக்கையான விதிதான். அயல்நாட்டுக் குடியுரிமையால் அரியணை வரிசையில் இடம் போகாது. கத்தோலிக்கராக மாறினால் போய்விடும்.