மூச்சுக்கு அதிகாரி யார்?

சில ஆண்டுகளுக்கு முன் "மூச்சை நிறுத்தும் சுவாமி" ஒருவர் சுங்கை பட்டாணிக்கு எழுந்தருளினார். நம் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவோர் பலர் சம்பளத்தில் பாதியைக் காணிக்கையாய்க் கொட்டினர். அவர்கள் முன்பணக் கணக்கை எழுதும் நாம் வருந்தாமல் என்செய்வோம்?

மூச்சை ஆள்வது யாது? பிரெஞ்சு வைத்தியர் லெகல்வா, முயலின் மூளையை முன்புறமிருந்து சிறிது சிறிதாக அறுத்துக்கொண்டே வந்தார். கொடிய சோதனைதான். பெருமூளை போன பின்னும் மூச்சு ஓடிற்று. பிடரியை அடுத்த முகுளத்தில் ஓரிடம் அறுபட்டதும் நின்றது. 1812-ல் இதனை நூலாக வெளியிட்டார். பின்னர் 1905-ல் இங்கிலாந்தில் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும், நுரையீரலில் கரியமிலவாயு சிறிது மிகுந்தாலே மூச்சு பெருகுவதை மெய்ப்பித்தனர். ஆகவே ஒருவர் எத்துணைப் பிடிவாதமாய் மூச்சை அடக்கினும், அவ்வாயு மிகுந்ததும் முகுளம் அவரை மீறி மூச்சிழுக்கச் செய்துவிடும்.

யோகிகளை விஞ்ஞானிகள் புறக்கணித்தாரல்லர். புதுடில்லியில் டாக்டர் ஆனந்தும் தோழர்களும் ராமானந்த யோகியைக் காற்றுப் புகாப் பெட்டியில் இருத்திச் சோதித்து, 1961-ல் முடிவை வெளியிட்டனர். அவருடைய பிராணவாயுச் செலவு வெகுவாகக் குறைந்தது. அது அரிய திறமையே. ஆயினும் குறைதல் வேறு, நிற்றல் வேறு.

சுங்கை பட்டாணிச் சுவாமியிடம் அத்தகைய பெட்டியைப் பற்றிப் பணிவுடன் கேட்டோம். மறுநாளே அவர் கூலிமுக்குப் புறப்பட்டுவிட்டார்.