பத்து வெள்ளிப் பங்கும் பல்கலைக்கழகப் படியும்

ஆலயமும் கல்விச்சாலையும் அருகருகே வளர்ந்தவை என்பது தமிழர் வரலாறு அறிந்தோர் யாவரும் ஒப்பும் செய்தியாகும். தமிழகத்தில் விழுப்புரத்தை அடுத்துள்ள எண்ணாயிரம் என்னும் ஊர்க் கோயிலில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. இளநிலையில் 270 மாணவர்களும் முதுநிலையில் 70 மாணவர்களும் 14 ஆசிரியர்களிடம் பயின்றதையும், அவர்களுடைய உணவுக்கு நாள்தோறும் நெல் அளக்கப்பட்டதையும் அக்கல்வெட்டு கூறுகின்றது. பயில்வோரின் வயிறு வாடாமல் பார்த்துக்கொள்வதும் கல்விக்கொடையின் பகுதியே என்பதை அன்றே உணர்ந்திருந்தனர். ஆயினும் அந்நெல் வேதமும் சாத்திரமும் ஓதியவர்க்கே அளக்கப்பட்டது. உழவர் மகனுக்கு அதில் பங்கில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

மலாயாவில் உயர்கல்விக்கென ஏற்பட்ட பழைய உபகாரச் சம்பளங்களுள் பெயர்பெற்றது, நீரிணைக் குடியேற்ற நாடுகளில் 1885ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அரசியார் உபகாரச் சம்பளம். தேர்வில் முதன்மை பெற்ற ஓரிருவர் இங்கிலாந்து சென்று மருத்துவமோ சட்டமோ பயிலலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்ட அத்திட்டம் 1920களில் மீண்டும் உயிர்பெற்றது. எனினும் அது ஆங்கிலப் பள்ளியின் உச்சி வகுப்புவரை ஏறியவர்க்கே எட்டிய கனி. தோட்டப் பிள்ளைக்கோ ஏணியின் முதற்படியே இல்லை. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல தோட்டங்களில் அப்பள்ளி ஒரு கொட்டகையும், எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கிராணியுமாகவே இருந்தது. சில ஆண்டுகள் படித்தபின் பிள்ளையும் தாயுடன் பிரட்டுக்களத்தில் நிற்கும்.

இந்நிலையில் குறிப்பிடத்தக்கது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி. 1907ஆம் ஆண்டு தமிழர் குடியேற்ற நிதியாகத் தோன்றிய இதற்கு, தொழிலாளரை வேலைக்கு அமர்த்திய முதலாளிகளே தீர்வை செலுத்தினர். ஆள் கொண்டுவரும் கப்பற் செலவுக்கே அப்பணம் முதலில் பயன்பட்டது. உதவி பெற்று மலாயாவுக்கு வரும் குடியேற்றத்தை இந்திய அரசு 1938ஆம் ஆண்டு தடைசெய்தபின், எஞ்சிய தொகை எதற்கு என்னும் கேள்வி எழுந்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தென்னிந்தியத் தொழிலாளரின் நலனுக்கும் அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கும் உரியதாக்கியது. கூலியாட்களைக் கப்பலேற்றத் திரட்டிய காசு, அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தந்தது. 1999ஆம் ஆண்டு அந்நிதி சட்டப்படி கலைக்கப்பட்டது. அதுகுறித்த மனக்குறை சமுதாயத்தில் நெடுநாள் ஆறாதிருந்தது.

சட்டம் தந்த நிதி அவ்வாறிருக்க, தொழிலாளர் தாமே திரட்டிய நிதியின் வரலாறு இன்னும் சிறப்புடையது.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்படலாயின. வாங்கியவர்கள் அவற்றைக் கூறுகூறாகப் பிரித்து விற்றனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். தோட்டம் துண்டாடப்பட்டபோது பால்மரம் வெட்டும் வேலை மட்டுமா போயிற்று? லயத்து வீடு போயிற்று, தமிழ்ப்பள்ளி போயிற்று, ஆண்டுதோறும் தீமிதித் திருவிழா கண்ட மாரியம்மன் கோயிலும் பிறர் நிலத்தில் நிற்கும் கோயிலாயிற்று.

அப்போது துன் வீ. தி. சம்பந்தன் ஒரு வழி கண்டார். 1919ஆம் ஆண்டு சுங்கை சிப்புட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் தலைவராக விளங்கியவர் அவர். விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கினால் என்ன என்று கேட்டார். ஆளுக்குப் பத்து வெள்ளி கொடுங்கள் என்று, துணைவியார் உமா சம்பந்தனுடன் தோட்டந்தோறும் சென்று வேண்டினார். 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உதயமாயிற்று. கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. தினக்கூலி சில வெள்ளியாக இருந்த அக்காலத்தில் பத்து வெள்ளி என்பது சிறு தொகையன்று. அரிசிக் கடனைத் தள்ளிவைத்துத்தான் அதைக் கொடுக்க இயலும். திரும்ப வருமோ வராதோ என்ற ஐயத்துடனேயே பலர் கொடுத்திருப்பர். கொடுத்தார்கள் என்பதே பெருமைக்குரியது.

நிலத்தைக் காக்கத் தோன்றிய சங்கம் நாளடைவில் கல்வியையும் காத்தது. தோட்ட வருமானத்திலிருந்து அங்கத்தினரின் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளமும் தேர்ச்சி ஊக்குவிப்பும் வழங்கப்பட்டன. இங்கே நோக்கவேண்டியது ஒன்றுண்டு. இவ்வுதவியைப் பெற்ற மாணவன் யாரிடமும் கையேந்தவில்லை. தன் தாயும் தந்தையும் பால்வாளி சுமந்து ஈட்டிய பங்கின் பயனையே பெற்றான். பங்குப் பத்திரத்தைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த குடும்பத்துக்கு அது பின்னாளில் கைகொடுத்தது. தொலைத்தவர் அலைய நேர்ந்தது.

1971ஆம் ஆண்டு புதிய பொருளாதாரக் கொள்கை நடப்புக்கு வந்தபின் பல்கலைக்கழக இடமும் அரசாங்க உபகாரச் சம்பளமும் கிடைப்பது அரிதாயிற்று. இதற்கு இரு முனைகளில் விடை தேடப்பட்டது. ஒன்று, பிள்ளைகளைத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்துவது. டாக்டர் மு. தம்பிராஜா 1982ஆம் ஆண்டு தோற்றுவித்த ஸ்ரீ முருகன் நிலையம் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்கு வார இறுதி வகுப்புகளை நடத்திவந்தது. பெற்றோரும் மாணவரும் ஒருங்கே பத்துமலைக்குச் செல்லும் கல்வி யாத்திரையையும் வழக்கமாக்கிற்று. மற்றொன்று, பணம் திரட்டுவது. 1984ஆம் ஆண்டு தோன்றிய எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் வழங்கியதோடு, கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001ஆம் ஆண்டு தொடங்கவும் காரணமாயிற்று. 1997ஆம் ஆண்டு அரசாங்கம் பி.டி.பி.டி.என். எனும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தை அமைத்தபின், உபகாரச் சம்பளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் பெரும்பாலும் கடனை நம்பும் குடும்பங்களாயின.

உதவி கிடைப்பது ஒன்று. அதை இறுதிவரை காப்பது வேறொன்று. பொதுவாக இத்தகைய நிதிகள் ஒவ்வொரு பருவத் தேர்வின் முடிவையும் கேட்கும். மதிப்பெண் குறைந்தால் தவணை நிற்கும். பாடப்பிரிவை மாற்றிக்கொள்ளவும் நிதி வழங்கியோரின் இசைவு வேண்டும். சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம், பிணை நிற்பவரின் கையொப்பம் ஆகியவற்றுள் ஒன்று பிந்தினாலும் ஆண்டு ஒன்று கைநழுவும். தோட்டத்துப் பெற்றோர்க்குப் பெருந்தடையாக இருந்தது பிணையாள்தான். நிலையான சம்பளமுள்ள உறவினர் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அதனினும் கொடியது முதல் மாதம். இடம் கிடைத்த கடிதம் வந்துவிடும். சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், பேருந்துச் செலவு ஆகியவற்றை உடனே கட்டவேண்டும். உதவித்தொகையோ வாரங்கள் கழித்தே வரும். அந்த இடைவெளியை நிரப்பியவை தாயின் தாலிக்கொடியும் சீட்டுப் பணமும். நிதி வழங்குவோர் வகுத்த விதிகளில் இந்த முதல் மாதத்தை நினைத்தவை சிலவே. எண்ணாயிரத்தில் நெல் அளந்தவர்கள் இதை நினைத்திருந்தார்கள்.

சிங்கப்பூரில் இம்முயற்சி வேறு வடிவம் கொண்டது. 1967ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சிங்கப்பூர் இந்தியர் கல்வி அறநிதி, வட்டியில்லாக் கடனாகவே உதவியை வழங்கிற்று. 1991ஆம் ஆண்டு தோன்றிய சிண்டா, இந்திய ஊழியர் ஒவ்வொருவரின் மாதச் சம்பளத்திலிருந்து மத்திய சேமநிதி வழியாகச் சிறு தொகையைப் பெற்று, துணைப்பாட வகுப்புகளையும் உதவிநிதிகளையும் நடத்துகின்றது. இந்து அறக்கட்டளை வாரியமும் ஆலயங்களின் துணையுடன் வசதி குறைந்த மாணவர்க்குக் கல்வி உதவிநிதி அளித்து வருகின்றது.

வட்டியில்லாக் கடனின் நுட்பம் எளியது. முதலில் படித்தவர் வேலைக்குச் சென்று கட்டும் தவணையே அடுத்தவரின் கட்டணமாகின்றது. புதிய நன்கொடை வராத ஆண்டிலும் நிதி வற்றாது. ஆனால் பத்துப் பேர் பெற்று நால்வர் கட்டாமல் விட்டால், அடுத்த ஆண்டு ஆறு பேருக்கே கதவு திறக்கும். திறக்காத கதவின் முன் நிற்கும் நால்வர் யாரென்று கடனைக் கட்டாதவர்க்குத் தெரிவதேயில்லை.