பெரிலியம் ஃபுளோரைடு

நிறமற்ற, நீரில் எளிதில் கரையும் திண்மம். வேதி வாய்பாட்டில் ஒரு பெரிலியம் அணுவுக்கு இரண்டு ஃபுளோரின் அணுக்கள். உருகுநிலை ஏறத்தாழ 554° செ. அணுக்கட்டமைப்பில் இது மணலின் சிலிக்காவுக்கு உடன்பிறப்புப் போன்றது: ஒவ்வொரு பெரிலியத்தையும் நான்கு ஃபுளோரின்கள் நான்முகியாகச் சூழ்ந்து, மூலைகளில் கோத்துக்கொள்கின்றன. அதனால்தான் உருகிய நிலையில் பாகுபோல் இழுபட்டு, ஆறினால் படிகமாகாமல் கண்ணாடியாகிவிடுகிறது. அந்தக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.28, தண்ணீரைவிடவும் (1.33) குறைவு. ஒரு திண்மத்துக்கு இது வியக்கத்தக்க அளவு.

லித்தியம் ஃபுளோரைடைச் சேர்த்தால் கோப்பு அறுந்து, பாகு தண்ணீராய் ஓடுகிறது; சிலிக்காவில் சோடா செய்யும் வேலையேதான். லித்தியம், பெரிலியம் ஃபுளோரைடுகளின் 2:1 விகிதக் கலவையான ‘ஃபிளைப்’ சுமார் 459° செல்சியஸில் உருகும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1965 முதல் 1969 வரை இயங்கிய உருகு உப்பு அணு உலையின் எரிபொருள், இவ்விரு ஃபுளோரைடுகளோடு சிர்க்கோனியம், யுரேனிய ஃபுளோரைடுகள் கலந்த உருகல்தான்.

பெரிலிய உலோகத்தைப் பிரித்தெடுக்க இதை மக்னீசியத்துடன் சூடாக்குவர். பாஸ்பேட்டைப்போல் நடிக்கும் இதன் அயனிகள் புரத ஆய்வில் உதவுகின்றன.

கடும் நச்சு. தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் நோயும் புற்றுநோயும் வரலாம். மூடிய கையுறைப் பெட்டிக்குள் மட்டுமே கையாள வேண்டும்.